எண்டர் தட்ட இரண்டு பேர்

ஓசூர் சிப்காட்டில் குணசீலா கியர் ஒர்க்ஸ் என்று ஓர் ஆலை இருந்தது, கண்ணுகளா. அந்த ஆலையில் மனிதர்கள் இரண்டே வகை. கழுத்தில் நீல நாடா போட்டவர்கள், மஞ்சள் நாடா போட்டவர்கள். அடையாள அட்டை எல்லோருக்கும் ஒன்றுதான். அது தொங்குகிற நாடாதான் வேறு. நீலம் என்றால் நிரந்தரம், மஞ்சள் என்றால் காண்டிராக்ட். நீலத்துக்குக் கேண்டீனில் கெட்டித் தயிர், மஞ்சளுக்கு மோர். நீலம் கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காரும், மஞ்சள் இடமிருந்தால் ஏறும். மாப்பிள்ளை பார்க்க வருகிறவர்கள்கூட அந்த ஊரில் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கழுத்தைத்தான் பார்ப்பார்கள்.

சம்பங்கிக்கு மஞ்சள் நாடா. ஜவளகிரிப் பக்கத்து ராகிக் காட்டிலிருந்து வந்து, கிருஷ்ணகிரியில் டிப்ளமோ முடித்து, இந்த ஆலையின் சர்வர் ரூமில் உட்கார்ந்தவன். சர்வர் என்பது ஆலைக்கே பொதுவான பெரிய கணினி. ஸ்டோரில் என்ன இருக்கிறது, எந்த லாரியில் எந்தச் சரக்கு போகிறது, யாருக்கு லீவு பாக்கி, எல்லாம் அதன் வயிற்றுக்குள்தான். அதில் படமும் கிடையாது, மவுஸும் கிடையாது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாகக் கட்டளையைத் தட்டி, கடைசியில் எண்டர் தட்டினால்தான் அது அசையும். அதற்குத் தலைவலி வராமல் பார்த்துக்கொள்வது சம்பங்கியின் வேலை. ஆலையிலேயே குளிர்ந்த இடம் அந்த அறைதான் என்பதால், குவாலிட்டி ஜி.எம். சௌந்தரராஜன் தன் பூஜைக்கு வாங்கும் ரோஜாக் கட்டுகளையும் வாளியில் போட்டு அங்கேதான் வைப்பார். ரோஜா வாடினால் சம்பங்கியைக் கூப்பிட்டுக் கேட்பார். சர்வரைப் பற்றி அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

சம்பங்கி அதையெல்லாம் பொறுத்துக்கொண்டான். மோரைக் குடித்துக்கொண்டே பக்கத்து மேஜைத் தயிரைப் பார்ப்பான். பார்த்துவிட்டு, சீக்கிரம் நமக்கும் வரும் என்று இலையை மடித்துவிடுவான். அப்படி ஒரு நல்ல பிள்ளையாகத்தான் இருந்தான், கோவில்பட்டியிலிருந்து ராஜேஷ்குமார் வந்து பக்கத்து நாற்காலியில் உட்காரும் வரைக்கும்.

ராஜேஷ்குமாருக்கும் மஞ்சள் நாடாதான். வயதில் சின்னவன். சிரித்த முகம், படிய வாரிய தலை, அச்சடித்தாற்போல் கையெழுத்து. சம்பங்கிதான் அவனைக் கேட்டுக்கு வெளியே டீக்கடைக்குக் கூட்டிப்போய், பன்னும் டீயும் வாங்கிக் கொடுத்து, வேலையின் சூட்சுமங்களைச் சொல்லிக் கொடுத்தான். மேல் அம்புக் கீயைத் தட்டினால் முன்பு அடித்த கட்டளை திரும்ப வரும், முழுசாக அடிக்க வேண்டாம். பெயரைப் பாதி தட்டி டேப் கீயை அமுக்கினால் மீதியை அதுவே முடித்துவிடும். ஒரு வார்த்தை தட்டினால் திரை முழுவதும் துடைத்த சிலேட்டு மாதிரி ஆகிவிடும். ராஜேஷ்குமார் பன்னைத் தின்றுகொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான்.

அந்தச் சமயத்தில்தான் சௌந்தரராஜன் ஜப்பானுக்குப் போய்வந்தார். போகும்போது சாதாரண மனிதராகத்தான் போனார். வந்து இறங்கியதும் கேண்டீனில் எல்லோரையும் கூட்டி வைத்து மைக்கைப் பிடித்தார்.

"நண்பர்களே! ஜப்பானில் ஒரு தொழிலாளி கூட யோசிக்காமல் இருப்பதில்லை. இங்கே நீங்களும் யோசிக்கிறீர்கள், நான் மறுக்கவில்லை. ஆனால் அது உங்கள் தலைக்குள்ளேயே இருக்கிறது. தலைக்குள் இருந்தால் அறிவு உங்கள் சொத்து. லேமினேட் செய்து போர்டில் மாட்டினால் கம்பெனியின் சொத்து. ஆகவே கணினியில் கட்டளை தட்டுகிற எல்லோரும் ஆளுக்கொரு குறிப்பு எழுதிக் கொடுக்க வேண்டும். சிறந்த குறிப்பைத் தேர்ந்தெடுக்க ஒரு குழு. குழுவுக்கு நான் தலைவர். நான் இன்றுவரை ஒரு கீபோர்டைக்கூடத் தொட்டதில்லை. அதனால்தான் என்னைத் தலைவராகப் போட்டிருக்கிறார்கள். தொட்டவன் பாரபட்சம் பார்ப்பான்."

கைதட்டல் அடங்கியதும் பரிசுகளைச் சொன்னார். மாதம் ஒரு குறிப்புக்குப் பரிசும், கேண்டீன் சுவரில் போட்டோவும். ஆயுத பூஜையன்று ஆண்டின் சிறந்த குறிப்புக்குப் பிரஷர் குக்கர். அதோடு, கொஞ்சம் நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "நிரந்தரப் பணி" என்றார்.

மஞ்சள் நாடா போட்ட கழுத்துகள் எல்லாம் ஒரு சாண் உயர்ந்தன. சம்பங்கியின் கழுத்தும்தான்.

முதல் மாதப் பரிசு ராஜேஷ்குமாருக்குப் போயிற்று. அவன் எழுதிக் கொடுத்திருந்த குறிப்பு: மேல் அம்புக் கீயைத் தட்டினால் முன்பு அடித்த கட்டளை திரும்ப வரும்.

கேண்டீன் சுவரில் அவன் போட்டோவுக்கு ஜரிகை மாலை போட்டிருந்தார்கள். அதற்கு நேர் கீழே உட்கார்ந்துதான் சம்பங்கி அன்று மோர் குடிக்க வேண்டியதாயிற்று. நாக்கில் பட்டது மோர்தான். வயிற்றுக்குள் போய்ப் பச்சை மிளகாயாக எரிந்தது. அறைக்கு வந்ததும் கேட்டே விட்டான்.

"ஏம்ப்பா, அது நான் சொன்னதுதானே?"

"ஆமா அண்ணாச்சி, நீங்கதான் சொன்னீங்க. நான் எங்க இல்லேன்னேன்?"

"அப்புறம்?"

"நீங்க சும்மா சொல்லிட்டுப் போயிட்டீங்க. நான் ஸ்கேல் வெச்சு மார்ஜின் போட்டு எழுதிக் குடுத்தேம்லா?"

அவன் சொன்னது நியாயம் போலவும் இருக்கிறது, திருட்டுப் போலவும் இருக்கிறது.

வீட்டுக்குப் போனால் அங்கே இன்னும் மோசம். சம்பங்கியின் மனைவி மேகலா அதே ஆலையில் டெஸ்பாட்ச் பிரிவில் லாரிகளுக்குக் கேட் பாஸ் அடிக்கிறவள். அவளுக்கும் மஞ்சள் நாடாதான். சோற்றைப் போட்டுக்கொண்டே ஆரம்பித்தாள்.

"ஏங்க, உங்க ரூம்ல இருக்கிற அந்தத் தம்பி பலே கெட்டிக்காரருங்க. மேல் அம்பை ஒரு தட்டு தட்டினா போதுமாம், முன்னாடி அடிச்சது அப்படியே வந்து நிக்குது. இத்தனை நாளா ஒவ்வொரு கேட் பாஸுக்கும் முழுசா அடிச்சி என் விரலெல்லாம் தேஞ்சிப் போச்சி."

"நான் சொல்லலையா உனக்கு? கல்யாணமான புதுசுலயே சொன்னேனே!"

"சொன்னீங்க. சொல்லும்போதே 'இதுகூடவா தெரியாது'ன்னு சேத்துச் சொன்னீங்க. அப்புறம் அது எந்தக் காதுல ஏறும்? அவரு பாருங்க, 'அன்பார்ந்த தோழர்களே'ன்னு ஆரம்பிச்சி எழுதியிருக்காரு. பரிசா ஹாட்பேக் குடுத்தாங்களாமே? சப்பாத்தி சாயங்காலம் வரைக்கும் சூடா இருக்குமாம்."

அன்றைக்கு அவன் தட்டிலிருந்த சப்பாத்தி ஆறியிருந்தது. அதை அவன் மறக்கவேயில்லை.

அடுத்த மாதம் டேப் கீ. அதுவும் ராஜேஷ்குமார். குழு இந்தக் குறிப்பை ரொம்பவும் ஆழமாக ஆராய்ந்தது. ஸ்டாப் வாட்ச் வைத்துக்கொண்டு ஒரு என்ஜினியர், விரல் எவ்வளவு தூரம் பயணம் செய்கிறது என்று நூல் பிடித்து அளந்தார். "பாதியை நம் ஆள் தட்டுகிறார், மீதியைக் கணினி முடிக்கிறது. அப்படியானால் அந்த மீதிக்குப் பாராட்டு யாருக்கு?" என்று சௌந்தரராஜன் ஒரு கேள்வி கேட்டு, குழுவையே திணறடித்தார். கடைசியில் சர்வருக்கும் ஒரு சான்றிதழ் அச்சடித்து அதன் மேல் ஒட்டினார்கள். சர்வரின் மூச்சு வாங்கும் துவாரத்தின் மேலேயே ஒட்டிவிட்டதால் அது சூடாகி முனகியது. சம்பங்கி யாரும் பார்க்காதபோது சான்றிதழைக் கொஞ்சம் தள்ளி ஒட்டினான். ஒட்டும்போது நினைத்துக்கொண்டான்: இதுக்குக்கூடச் சான்றிதழ் கிடைச்சிருச்சி.

மூன்றாவதாகத் திரையைத் துடைக்கும் வார்த்தை. இதற்குத்தான் சௌந்தரராஜன் எழுந்து நின்று கைதட்டினார். "சுத்தம்! ஜப்பானில் இதைத்தான் சொன்னார்கள்!" மறுநாளிலிருந்து மணிக்கு ஒருமுறை சங்கு ஊதும், ஊதியதும் ஆலையிலுள்ள எல்லாத் திரைகளையும் துடைத்தாக வேண்டும். மேகலா ஒரு லாரியின் நம்பரைப் பார்த்துப் பார்த்து எழுதிக்கொண்டிருப்பாள், சங்கு ஊதும், நம்பர் போய்விடும். மறுபடி முதலிலிருந்து. அவளும் அப்போது ராஜேஷ்குமாரைக் கெட்டிக்காரன் என்று சொல்வதை நிறுத்திவிட்டாள். அது ஒன்றுதான் சம்பங்கிக்கு அந்த மாதத்தில் கிடைத்த நல்ல செய்தி.

இனிமேல் பொறுப்பதில்லை என்று சம்பங்கியும் ஒரு குறிப்பு எழுதினான். ஸ்கேல் வைத்து மார்ஜின் போட்டான். "அன்பார்ந்த தோழர்களே" என்றுகூட எழுதினான். எழுதும்போது கை கூசியது. குறிப்பு என்னவோ நல்ல குறிப்பு: 'எந்த ஃபைலையும் அழி என்று சொல்வதற்கு முன்னால், அதே பெயரைப் போட்டுக் காட்டு என்று சொல்லுங்கள். திரை எதைக் காட்டுகிறதோ அதுதான் அழியப்போகிறது. பார்த்துவிட்டு அழியுங்கள். அழித்தது திரும்பாது.'

குழு அவனைக் கூப்பிட்டனுப்பியது. நீளமான மேஜை, எல்லோர் முன்னாலும் முந்திரி பிஸ்கட்.

"இதுவரைக்கும் நம்ம கம்பெனியில எத்தனை பேர் தப்பா அழிச்சிருக்காங்க?" என்றார் சௌந்தரராஜன்.

"யாரும் இல்லீங்க சார். நான்தான் பார்த்துக்கிறேன் இல்லீங்களா."

"அப்ப பிரச்சினையே இல்லையே."

"வராம இருக்கணும்னுதாங்க சார் இது."

சௌந்தரராஜன் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். "சம்பங்கி, மேம்பாடுன்னா ரெண்டு போட்டோ வேணும். முன்னால், பின்னால். முன்னால் குப்பை, பின்னால் சுத்தம். உங்ககிட்ட பின்னால் மட்டும்தான் இருக்கு. முன்னால் எங்கே? நடக்காத விபத்தைத் தடுத்தோம்னு நான் எப்படி மேலே காட்டுவேன்? ஒரு விபத்து நடக்கட்டும். நல்ல விபத்தா, கண்ணுக்குத் தெரியற மாதிரி நடக்கட்டும். அப்புறம் கொண்டாங்க. நானே சிபாரிசு பண்றேன்."

சம்பங்கிக்கு ஊர் ஞாபகம் வந்தது. ராகிக் காட்டில் பரண் மேல் உட்கார்ந்து தகரம் தட்டி யானையைத் திருப்பி அனுப்பிய வருஷமெல்லாம் யாரும் எட்டிப் பார்த்ததில்லை. அசந்து தூங்கி, யானை புகுந்து மிதித்த வருஷம்தான் ஜீப் வந்தது, போட்டோ எடுத்தார்கள், நஷ்ட ஈடு தருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். அதிகாரிகள் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு எழுந்தான். ஒரு பிஸ்கட்கூட யாரும் அவன் பக்கம் நகர்த்தவில்லை.

ஆயுத பூஜை நெருங்கியது. மதிப்பெண் பட்டியலில் ராஜேஷ்குமார் உச்சியில். சம்பங்கியின் பெயர் அடியில்கூட இல்லை. அந்த நேரம் பார்த்து, இந்தக் குறிப்புத் திட்டத்தின் வெற்றியைப் பார்க்க மும்பைத் தலைமை அலுவலகத்திலிருந்து விருந்தாளிகள் வருகிறார்கள் என்று செய்தி வந்தது. கேண்டீன் மேடையில் ஒரு டெர்மினலை, அதாவது சர்வரோடு கம்பி இழுத்த ஒரு திரையையும் கீபோர்டையும் வைத்து, சௌந்தரராஜனே தன் கையால் மேல் அம்பைத் தட்டிக் காட்டுவது என்று ஏற்பாடு. வாழ்க்கையில் முதன்முறையாக அவர் கீபோர்டைத் தொடப்போகிறார். அதற்காக நல்ல நேரம்கூடப் பார்த்தார்கள்.

"குழுவோட ஃபைலெல்லாம் பழசும் புதுசுமா கலந்து கிடக்கு. பழசை அழிச்சிட்டு, சுத்தமா ஒண்ணு வை" என்று சம்பங்கிக்கு உத்தரவு வந்தது. அவன் மேடைக்குப் போய், அந்த டெர்மினலிலேயே உட்கார்ந்து, குறிப்புகள், மதிப்பெண்கள், சான்றிதழ்கள் எல்லாம் இருந்த பழைய தொகுப்பை அழி என்று தட்டி அழித்தான். பிறகு சர்வர் ரூமுக்கு வந்து, திருத்திய புதுத் தொகுப்பை அதே பெயரில், அதே இடத்தில் வைத்தான். வேலை முடிந்தது. நல்ல வேலை. அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

விருந்தாளிகள் வந்தார்கள். ரோஜா மாலை போட்டார்கள். மஞ்சள் நாடாக்காரர்கள் தரையில் வரைந்த மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நிற்க வேண்டும், கேள்விகள் இருந்தால் கடைசியில் கேட்க வேண்டும் என்று அறிவிப்பு. ராஜேஷ்குமாருக்கு மட்டும் மேடையில் நாற்காலி.

சௌந்தரராஜன் கீபோர்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "ஐயா, ஒரு எழுத்துக்கூடத் தட்டாமல் இந்தக் கணினியை இப்போது நான் வேலை வாங்கப்போகிறேன். மேல் அம்பு! அப்புறம் எண்டர்! சிந்தனைக்கே இடமில்லை. அதுதான் எங்கள் சாதனை."

அவருடைய விரல் உயர்ந்தபோதுதான் சம்பங்கிக்குச் சுரீர் என்றது. அந்த டெர்மினலில் கடைசியாகத் தட்டியது என்ன? அழி. மேல் அம்பைத் தட்டினால் அதுதான் வந்து நிற்கும். எண்டர் தட்டினால் புதுத் தொகுப்பும் போய்விடும்.

வாயைத் திறந்தான். மேடையில் ராஜேஷ்குமார் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். அவன் தலைக்கு மேலே அவன் போட்டோ, போட்டோவுக்கு மேலே ஜரிகை மாலை. அதைப் பார்க்க ஒரு மூச்சு நேரம் ஆயிற்று. அப்புறம் மனசு கேட்காமல் கையைத் தூக்கி, "சார்! சார்!" என்றான்.

"கேள்விகள் கடைசியில்" என்று சொல்லிவிட்டு சௌந்தரராஜன் எண்டர் தட்டினார்.

திரை ஒன்றும் பேசவில்லை. அழித்துவிட்டு அது பேசாது, அதன் பழக்கம் அப்படி. விருந்தாளிகள் கைதட்டினார்கள். "இப்போது எங்கள் ஆண்டு முழுவதன் சாதனைகளைப் பாருங்கள்" என்று சௌந்தரராஜன் அடுத்ததைத் திறக்கச் சொன்னபோதுதான், அங்கே சாதனை எதுவும் இல்லை என்று தெரிந்தது.

சம்பங்கி சர்வர் ரூமுக்கு ஓடினான். புதுத் தொகுப்பைப் பதிந்து வைத்த நகல் டேப் அவனிடம் பத்திரமாக இருந்தது. அதை எடுத்துக்கொண்டு குழுவின் முன்னால் போய் நின்றான். பொறாமை வேறு, வேலை வேறு என்கிற அளவுக்கு அவன் நல்லவன்தான்.

"சார், எல்லாம் இதுல இருக்குங்க. டீ குடிச்சி முடிக்கறதுக்குள்ள கொண்டு வந்துடலாம்."

"வைப்பா உள்ளே!" என்று பதறினார் சௌந்தரராஜன். "திரும்ப வந்துட்டா நஷ்டமே இல்லேன்னு ஆயிடும். நஷ்டம் இல்லேன்னா விபத்து இல்லை. விபத்து இல்லேன்னா தடுக்கறதுக்கு என்ன இருக்கு? விருந்தாளிங்ககிட்ட என்ன சொல்லியிருக்கேன் தெரியுமா? எங்களுக்கு முதல் 'முன்னால்' போட்டோ கிடைச்சிருச்சின்னு சொல்லியிருக்கேன்!"

டேப்பைப் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை அவரே எடுத்துக்கொண்டார். ராஜேஷ்குமாரின் மூன்று பரிசும் மதிப்பெண்ணும் காற்றில் போயின. கேண்டீன் சுவரிலிருந்து போட்டோவை இறக்கினார்கள், ஆதாரம் இல்லாத போட்டோ என்று. சம்பங்கி அன்று மோரை இரண்டு டம்ளர் வாங்கிக் குடித்தான். அப்படி இனித்தது. என்ன செய்வது கண்ணுகளா, மனுஷ வயிறு அப்படித்தான்.

தைரியமாகத் தன் பழைய குறிப்பை மறுபடி கொடுத்தான். விபத்து நடந்தாயிற்று, இனி என்ன தடை? ஆனால் அதை எடுத்துக்கொண்ட விபத்து விசாரணைக் கூட்டத்தில் பெரியதம்பியும் இருந்தார்.

பெரியதம்பி பிரஸ் ஷாப் சூப்பர்வைசர். பிரஸ் என்பது தகட்டை ஒரே இடியில் நசுக்கி வடிவாக்குகிற ராட்சச மெஷின். இடது கைச் சுண்டுவிரலின் நுனியைப் பழைய நாளில் அதற்குக் கொடுத்தவர் அவர். அதன் பிறகுதான் அந்த மெஷினுக்கு இரண்டு கை பட்டன் வந்தது: இரண்டு பக்கமும் இரண்டு பட்டன், இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அடித்தால்தான் பிரஸ் இறங்கும். கை இரண்டும் பட்டனில் இருந்தால் விரல் உள்ளே போகாது அல்லவா? நீல நாடா, அடுத்த மாதம் ஓய்வு. எதைப் பற்றியும் கவலையில்லாமல் முந்திரி பிஸ்கட்டை நனைத்துக்கொண்டே, "எங்க பிரஸ்ல மாதிரி ரெண்டு கை பட்டன் வெச்சிருந்தா, சார் இப்படி ஒத்த விரல்ல ஊதித் தள்ளியிருப்பாரா?" என்று சிரித்தார்.

அவர் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. சௌந்தரராஜன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"பெரியதம்பி! சொல்லுங்க, இன்னொரு தடவை சொல்லுங்க! எழுதுங்கப்பா எல்லாரும்!"

"சும்மா சொன்னேங்க சார்…"

"ஆனால் ஒரு குறை. ஒரு ஆளோட ரெண்டு கையும் ஒரே தப்பைத்தான் செய்யும். ஆகவே ரெண்டு ஆள், ரெண்டு கை!"

அந்த வாரமே ஆலையிலுள்ள எல்லா டெர்மினல்களிலிருந்தும் எண்டர் கீயைப் பிடுங்கி, சிவப்பு அட்டை கட்டி, ஸ்டோரில் ஒப்படைத்தார்கள். இனிமேல் எந்தக் கட்டளையானாலும் போனில் சர்வர் ரூமுக்குச் சொல்ல வேண்டும். அங்கே மேஜையின் இரண்டு கோடியிலும், பழைய பிரஸ்ஸிலிருந்து கழற்றிய உள்ளங்கை அளவு பட்டன்கள். ஒன்றில் சம்பங்கி, மற்றதில் ராஜேஷ்குமார். இருவரும் ஒரே கணத்தில் அடித்தால்தான் எண்டர் விழும். கொஞ்சம் முன்பின் ஆனாலும் மணி கிணுகிணுக்கும், மறுபடி அடிக்க வேண்டும்.

இதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. சௌந்தரராஜன் ஜப்பானை நினைத்துக்கொண்டு ஒரு விளக்கும் வைத்தார். முதலில் யார் கை பட்டதோ அவர் பக்கம் பச்சை விளக்கு எரியும். "முன்முயற்சி எடுப்பவருக்கு ஒவ்வொரு பச்சைக்கும் ஒரு மதிப்பெண். ஆயுத பூஜையன்று பார்த்துக்கொள்ளலாம்."

சொல்ல வேண்டுமா? "ஒன்று, இரண்டு, மூன்று" என்று எண்ணி அடிப்பதாகப் பேச்சு. சம்பங்கி இரண்டரையில் அடித்தான். ராஜேஷ்குமார் அடுத்த தடவை இரண்டில் அடித்தான். அதற்கடுத்து சம்பங்கி ஒன்றிலேயே அடித்தான். பிறகு எண்ண வாயைத் திறப்பதற்குள் கை விழுந்தது. பச்சை விளக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி மாறி எரிந்தது. எண்டர் மட்டும் விழவேயில்லை. ஆலையில் இருந்த வேலையெல்லாம் கறுப்புத் திரையில் கண்சிமிட்டிக்கொண்டு நின்றது.

"அண்ணாச்சி, நீங்க எண்ணுதீங்களா, ஏமாத்துதீங்களா?"

"நீ மட்டும் என்னப்பா? ரெண்டுன்னு சொல்றதுக்குள்ள பட்டன் மேல படுத்துக்கறே!"

"எங்க மாமா நீலம் கழுத்துல விழுந்தாத்தான் பொண்ணுன்னு சொல்லிட்டாரு. நான் என்ன செய்ய?"

"எனக்குப் பொண்டாட்டியே வந்தாச்சி. ஹாட்பேக்தான் வரலை. நகரு."

ஆயுத பூஜை வந்தது. மறுநாளிலிருந்து லீவு என்பதால் அன்று சாயங்காலத்துக்குள் சரக்கு எல்லை தாண்டியாக வேண்டும். லாரிகள் கேட்டிலிருந்து மெயின் ரோடு வரைக்கும் வாழைக்கன்று கட்டிக்கொண்டு நின்றன. ஒரு லாரிக்கும் கேட் பாஸ் இல்லை. கேண்டீனில் பூஜை நடந்தது. சந்தனம், குங்குமம், பொரி, பூசணிக்காய். இவர்கள் இருவரையும் பூஜைக்கு விடவில்லை. பட்டனை விட்டு நகரக் கூடாதாம். ஒலிபெருக்கியில் மட்டும் எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது.

மேகலா கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அவள் பின்னாலேயே ஒரு லாரி டிரைவர், நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டோடு.

"ஏன் சாமி, இன்னூ எஷ்டு ஹொத்து, எவ்ளோ நேரம்? அத்திப்பள்ளி செக்போஸ்ட்ல லைன் நிக்குது, ஊட்ல பூஜைக்குக் காத்திருக்காங்க" என்று அவர் கன்னடத்தையும் தமிழையும் போட்டுப் பிசைந்தார்.

"ரெண்டு பேருக்கும் கை இருக்குதா, இல்லையா?" என்றாள் மேகலா. "நான் போன்ல சொன்ன கேட் பாஸெல்லாம் காலையிலேருந்து உங்க திரையில நிக்குது. ஒரே ஒரு தடவை சேந்தாப்ல அடிங்க. இவரு எனக்குத் தாலி கட்டும்போதுகூட முகூர்த்த நேரத்தை விட்டுட்டாருங்க தம்பி, நீங்களாவது கொஞ்சம் பார்த்து அடிங்க."

"நான் அடிக்கேன்க்கா. அண்ணாச்சி முந்துதாரு."

"இவன்தான் முந்தறான்."

அந்த நேரத்தில் ஒலிபெருக்கி கரகரத்தது. சௌந்தரராஜனின் குரல்.

"ஆண்டின் சிறந்த கட்டளைக் குறிப்பு! நண்பர்களே, கணினியைப் பற்றி ஒன்றுமே தெரியாத ஒருவரால்தான் இப்படி ஒரு குறிப்பைத் தர முடியும். குழு அதை உடனே புரிந்துகொண்டது, ஏனென்றால் குழுவுக்கும் ஒன்றும் தெரியாது. இரண்டு கை பட்டன் வந்த பிறகு நம் ஆலையில் ஒரு ஃபைலும் அழியவில்லை. ஒரு ஃபைலும் உருவாகவும் இல்லை. பூஜ்யம் பிழை! பிரஷர் குக்கரும் நிரந்தரப் பணியும் திரு. பெரியதம்பி அவர்களுக்கு!"

கைதட்டல். நடுவே பெரியதம்பியின் குரல் மைக்கில் மெல்லக் கேட்டது: "சார், நான் ஏற்கெனவே நிரந்தரமுங்க. வர்ற மாசம் ரிட்டையர் ஆவறேன்."

"பரவாயில்லை பெரியதம்பி. விதி விதிதான். ரெண்டாவது நீல நாடாவையும் போட்டுக்குங்க."

சர்வர் ரூமில் சம்பங்கி ராஜேஷ்குமாரைப் பார்த்தான். ராஜேஷ்குமார் சம்பங்கியைப் பார்த்தான். கெட்டித் தயிர், ஜன்னலோரம், மாமா பொண்ணு, சூடான சப்பாத்தி, எல்லாம் இரண்டாவது நாடாவாக ஒரே கழுத்தில் போய்த் தொங்குவதை இரண்டு பேரும் ஒருசேரக் கண்டார்கள்.

"பெரியதம்பியா!" என்று கத்தினார்கள். கத்திய வேகத்தில் இரண்டு பேர் கையும் மேஜை மேல் இடி மாதிரி விழுந்தது.

மணி கிணுகிணுக்கவில்லை. பச்சை விளக்கு எந்தப் பக்கமும் எரியவில்லை. பிரிண்டர் கடகடவென்று கேட் பாஸைத் துப்ப ஆரம்பித்தது. மேகலா வாரி எடுத்துக்கொண்டு ஓடினாள். வெளியே முதல் லாரி எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு கிளம்பியது.

"அந்த ஆளுக்குக் கீபோர்டுன்னா என்னன்னு தெரியுமா அண்ணாச்சி?" என்றான் ராஜேஷ்குமார்.

"பிஸ்கட்டை நனைச்சிக்கிட்டே சொன்னாரப்பா. சும்மா தமாஷுக்குச் சொன்னாரு" என்றான் சம்பங்கி. மேகலா போகிற போக்கில் வைத்துவிட்டுப் போயிருந்த பொரிப் பொட்டலத்தை, மஞ்சள் நாடாவுக்கான சின்னப் பொட்டலம் அது, பிரித்து நடுவில் வைத்தான். முதல் பிடியை ராஜேஷ்குமார் பக்கம் தள்ளினான்.

அதற்குப் பிறகு அந்த அறையில் மணி கிணுகிணுத்ததே இல்லை. இரண்டு கை பட்டனின் மாபெரும் வெற்றி என்று சௌந்தரராஜன் அடுத்த வருஷமும் ஜப்பானுக்குப் போய்வந்தார். அவர்கள் இப்போது ஒன்று, இரண்டு, மூன்று என்றெல்லாம் எண்ணுவதில்லை. போனில் கட்டளை வந்ததும் தட்டி வைத்துவிட்டு, ஆளுக்கொரு கோடியில் உட்கார்ந்து கையைத் தூக்கிக்கொள்கிறார்கள்.

"பெரியதம்பி" என்கிறான் ஒருவன்.

இரண்டு கையும் ஒன்றாக விழுகின்றன.